பல நாள் மலை ஓட்டத்துக்குப் பேர் கொடுக்கும் முன்: கொங்குப் பக்கத்து ஓட்டக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கோபிக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் மேட்டில் வெள்ளென ஓடுகிற சின்னக் கூட்டம் எங்களுடையது. மராத்தான் முடித்துவிட்டு வந்து நிற்கிற தம்பி தங்கைகள் ஒரு கட்டத்தில் கேட்டுவிடுவார்கள்: "அக்கா, அஞ்சு நாள், ஏழு நாள் ஓட்டமெல்லாம் இருக்குதாமே, பேர் குடுக்கலாமுங்களா?" ஒவ்வொருவருக்கும் வாய்க்கால் மேட்டில் நின்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். முதல் நாள் எவ்வளவு வேகமாக ஓடுவாய் என்பதை விடு. மறுநாள் காலை எழுந்து வீங்கிய காலை ஷூவுக்குள் நுழைத்து மறுபடி கிளம்ப முடியுமா? கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் வரும்.

பல நாள் அல்ட்ரா என்றால் சரியாக என்ன?

மராத்தானின் 42.195 கி.மீ.யைத் தாண்டினாலே அல்ட்ராதான். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், தொடங்கியது முதல் முடியும்வரை கடிகாரம் நிற்காது. பிரான்சின் ஷாமோனியில் தொடங்கி, ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மோன் பிளாங்கைச் சுற்றிவரும் யூடிஎம்பி என்ற ஓட்டம் அப்படிப்பட்டது. சுமார் 170 கி.மீ., 46½ மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நடுவில் தூங்குவதும் தூங்காததும் அவரவர் பாடு. இன்னொன்று ஸ்டேஜ் ஓட்டம். நாளுக்கு இவ்வளவு தூரம், சாயங்காலம் முகாம், காலையில் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். நான் இங்கே பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி. ட்ரெயில் என்றால் தார் ரோடு கிடையாது. கல், மண், வேர், மணல், ஓடை எல்லாம் வரும்.

ஒரு மராத்தான் ஓடியிருக்கிறேன். நேராக இதற்குப் போகலாமா?

போகாதீர்கள். நடுவில் ஒரு 50 கி.மீ. ட்ரெயில் ஓட்டமாவது முடித்திருக்க வேண்டும். பக்கத்தில் என்றால் கர்நாடகாவின் சிக்கமகளூரு காப்பித் தோட்டங்களில் நடக்கும் மல்நாட் அல்ட்ரா இருக்கிறது. மலை இறக்கத்தில் தொடை என்ன பாடுபடும், ஏழு மணி நேரத்துக்கு மேல் வயிறு எதை ஏற்கும், எதைத் திருப்பித் தள்ளும் என்பதெல்லாம் ரோட்டு மராத்தானில் தெரியவே தெரியாது.

முதல் ஓட்டமாக எதைத் தேர்ந்தெடுப்பது?

தூரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, சுமை யார் தோளில் என்பதைத்தான்.

மொராக்கோவில், சஹாராவில் 1986 முதல் நடக்கும் மராத்தான் தெ சாப்லை எடுத்துக்கொள்வோம். ஒரு வாரம், சுமார் 250 கி.மீ. தண்ணீரும் கூடாரமும் அவர்கள் கொடுப்பார்கள். சாப்பாடு, படுக்கை, மருந்து எல்லாம் உங்கள் முதுகில். பை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டக் கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கலோரி உணவு பையில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் மட்டும் 80 கி.மீ.க்கு மேல் வரும். எங்கள் ஊர்ப் பெயரைப் போலவே கேட்கும் 'கோபி மார்ச்' என்ற பாலைவன ஓட்டமும் இதே மாதிரிதான். 250 கி.மீ., ஏழு நாள், எல்லாம் முதுகில்.

இதற்கு எதிர்ப்பக்கம் டார்ஜிலிங்கில் 1991-ல் தொடங்கிய ஹிமாலயன் 100 மைல் ஸ்டேஜ் ரேஸ். ஐந்து நாள், 160 கி.மீ. நேபாள எல்லையை ஒட்டிய பழைய கல் பாவிய பாதை. பையை வண்டியில் கொண்டுவந்து விடுவார்கள், இரவு கூரைக்குக் கீழே தூக்கம், சூடான சாப்பாடு. வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் தெரியும். முதல் பல நாள் ஓட்டத்துக்கு இந்த மாதிரி ஒன்றைத்தான் சொல்வேன். விசா கிடையாது, முதுகில் பெரிய சுமை கிடையாது, கற்றுக்கொள்ள வேண்டியது மட்டும் நிறைய. நீங்கள் போக நினைக்கும் ஆண்டில் எப்போது நடக்கிறது என்று விசாரித்துவிட்டுத் தயாராகுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு நாளின் கட்-ஆஃப் நேரத்தை, அதாவது அன்றைய தூரத்தை முடித்தாக வேண்டிய கெடுவைப் பாருங்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்துப் பார்த்துவிட்டு "நடந்தே முடிச்சிருவேன்" என்று சொல்வது தப்புக் கணக்கு. மிகக் கடினமான ஒரு நாளை எடுங்கள். அந்த நாளின் ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். மலையேற்றத்தில் உங்கள் நடை மணிக்கு மூன்று கி.மீ. என்றால் அந்த ஒரு நாள் தேறுமா? தேறினால் மிச்சமும் தேறும்.

பழனிக்குப் பாதயாத்திரை நடந்திருக்கிறேன். அதெல்லாம் கணக்கில் வருமா?

கட்டாயம் வரும். நம் ஆட்களிடம் இருக்கிற பெரிய சொத்தே அதுதான். கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி நூறு கி.மீ.க்கு மேல். எடப்பாடியிலிருந்து காவடி தூக்கி வருகிறவர்கள் அதைவிடத் தூரம் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் தாராபுரம் ரோட்டிலோ உடுமலை ரோட்டிலோ போய்ப் பாருங்கள். அறுபது வயது ஆத்தாக்கள் மூன்றாம் நாளும் சலிக்காமல் நடந்துகொண்டிருப்பார்கள்.

நான் பதினொரு வயதில் எங்கள் அமுச்சியோடு (அம்மாவின் அம்மா) முதல்முறை நடந்தேன். ராத்திரி தங்கிய கல்யாண மண்டபத்தில் எல்லோரும் படுத்த பிறகு அமுச்சி மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு காலை மடிமேல் தூக்கி வைத்துக்கொள்வாள். ஈரத்துணியால் பாதத்தைத் துடைப்பாள். அப்புறம் காய்ந்த முந்தானையால் விரல் இடுக்கு ஒவ்வொன்றாக ஒற்றியெடுப்பாள். ஈரம் போய்விட்டதா என்று விரலை நுழைத்துத் தடவிப் பார்ப்பாள். கடைசியில் குதிகாலில் விளக்கெண்ணெய். அடுத்த கால். அப்புறம் என் கால். எனக்குக் கண் சொருகிவிடும். மறுநாள் பெரிய ஆம்பளைகளெல்லாம் நொண்டினார்கள், அமுச்சி நொண்டவில்லை. முப்பது வருஷம் கழித்து, ஓட்ட முகாம்களில் பாதப் பராமரிப்பு என்று சொல்லிக் கொடுத்தபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

பாதயாத்திரை கற்றுத் தருவது: நாள் முழுக்கக் காலில் நிற்பது, கண்ட இடத்தில் தூங்குவது, வலியோடு காலையில் எழுந்து கிளம்புவது. கற்றுத் தராதது: மலை இறக்கம், சுமை, தண்ணீர்ப் பந்தல் இல்லாத வழி. வழியெல்லாம் மோரும் பானகமும் கொடுக்க ஆள் நிற்பது பழனி ரோட்டில்தான். சஹாராவில் நிற்க மாட்டார்கள்.

மலைப் பயிற்சிக்கு எங்கே போவது? காட்டுக்குள் ஓடலாமா?

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகவே கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். சத்தியமங்கலம், ஆனைமலை இரண்டும் புலிகள் காப்பகம், யானை நடமாட்டம் உள்ள இடம். ஓடுகிற மனிதன் திருப்பத்தில் திடுமென்று யானை முன்னால் வந்து நின்றால் அதற்கும் ஆபத்து, இவனுக்கும் ஆபத்து. 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றம் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்கக் கூடாது. 2024-ல் தொடங்கிய, தமிழக அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் மூலம் முறைப்படி பதிவுசெய்து, வழிகாட்டியோடு போகக்கூடிய பாதைகள் இருக்கின்றன. அதில் போங்கள்.

தினப்படி பயிற்சிக்குக் காடே வேண்டாம். சென்னிமலைப் படிகள் 1,320. விடிவதற்கு முன் மூன்று தடவை ஏறி இறங்கினால் உடம்புக்கு ஒரு சின்ன மலை. பக்தர்களுக்கு வழிவிட்டு, ஓரமாக, சத்தமில்லாமல். கொல்லிமலை ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டு ரோட்டில் 20. ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகள் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். சமதளத்துக்கு வாய்க்கால் மேடுதான். கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து சுமார் 200 கி.மீ. ஓடுகிறது. நிழல் உண்டு, மண் பாதை உண்டு. நாயும் பாம்பும்கூட உண்டு, அதனால் டார்ச் இல்லாமல் இருட்டில் இறங்காதீர்கள்.

வெள்ளியங்கிரி ஏழு மலையைப் பயிற்சிக் களமாகக் கேட்கிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை விடுவார்கள். மூங்கில் தடியோடு சாமி கும்பிடப் போகிற மலை அது. நடந்து போய் வாருங்கள், ராத்திரி ஏறிக் காலையில் இறங்கும்போது தொடைக்குக் கிடைக்கிற பாடம் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் நேரம் குறித்துக்கொண்டு முட்டித் தள்ளி ஓடுகிற இடம் அல்ல.

வாரத்துக்கு எத்தனை கி.மீ. ஓட வேண்டும்?

மராத்தான் முடித்தவருக்கு இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 50 கி.மீ.யில் தொடங்கி 80, 90 வரை போனால் போதும். மொத்தத்தைவிட அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் விஷயம். ஒரே நாளில் 50 ஓடிவிட்டு மூன்று நாள் படுப்பதைவிட, சனிக்கிழமை 30, ஞாயிற்றுக்கிழமை 25 என்று களைத்த காலில் ஓடுவது நல்லது. மாதம் ஒருமுறை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும். மூன்றாம் நாள் வேகம் வரவே வராது, வர வேண்டியதும் இல்லை. நான்காவது வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கடைசி இரண்டு மூன்று வாரமும் அப்படியே.

நடையையும் பழகுங்கள். முன்னணியில் போகிற சிலரைத் தவிர எல்லோரும் ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள். கையை வீசி, குறுகிய எட்டு வைத்து, மூச்சு இரைக்காமல் ஒரு மணி நேரம் ஏறத் தெரிவது பெரிய வித்தை. அப்புறம் இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் போவது அதனால்தான். ஆனால் ஒருமுறை அந்த அடி வாங்கிய தசை அடுத்த சில வாரங்களுக்குத் தன்னைக் காத்துக்கொள்கிறது. அதனால் ஓட்டத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னால் நல்ல இறக்கப் பயிற்சி ஒன்றாவது வேண்டும்.

கொப்புளத்துக்கு என்ன வழி?

பல நாள் ஓட்டத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதில் பாதத்துக்குப் பெரிய பங்கு. சூடு, ஈரம், உரசல் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். ஒன்றைக் குறைத்தாலும் தப்பிக்கலாம். பாதம் நாளுக்கு நாள் வீங்கும், அதனால் ஷூ வழக்கத்தைவிட அரை அளவோ ஒரு அளவோ பெரிதாக இருக்கட்டும். நகத்தை ஒரு வாரம் முன்பே வெட்டி ஓரம் தேய்த்துவிடுங்கள். உரசும் என்று தெரிந்த இடத்தில் காலையிலேயே மைக்ரோபோர் டேப் ஒட்டிவிடுங்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கிற சாதா பேப்பர் டேப்தான்.

மணலோ கல்லோ உள்ளே போனால் அந்த இடத்திலேயே நின்று கொட்டுங்கள். ஒரு மூன்று நாள் பயிற்சியின் முதல் நாள், இடது சுண்டுவிரலுக்கு அடியில் ஏதோ நெருடியது. அடுத்த மதகு வரட்டும், அடுத்த பாலம் வரட்டும் என்று 11 கி.மீ. தள்ளிப்போட்டேன். கழற்றிப் பார்த்தால் கடுகளவு மணல் ஒன்று. அதற்குள் விரல் பக்கவாட்டில் புடைத்து, தோலுக்கடியில் தண்ணீர் கோத்து நின்றது. மீதி இரண்டு நாளும் அந்தக் காலைச் சாய்த்து வைத்து ஓடியதில் வலது முட்டியும் சேர்ந்து வலித்தது. ஷூவைக் கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

கொப்புளம் பெரிதாகி நடக்க விடவில்லை என்றால்: கிருமி கொல்லும் மருந்தால் துடைத்து, சுத்தமான புது ஊசியால் அடி ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி, நீரை ஒற்றியெடுத்து, மேல் தோலை உரிக்காமல் அப்படியே டேப் போட வேண்டும். ரத்தக் கொப்புளத்தைத் தொடாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாமாகக் குத்தக் கூடாது.

என்ன சாப்பிடுவது? ஜெல் வாங்கி அடுக்க வேண்டுமா?

ஓடும்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து வயிறு தாங்கினால் போதும். அது ஜெல்லாகத்தான், அதாவது ஓட்டக்காரர்களுக்கென்று சின்னப் பொட்டலத்தில் விற்கும் இனிப்புக் கூழாகத்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. சுமக்கிற ஓட்டத்தில் கணக்கு வேறு: 100 கிராமுக்கு எத்தனை கலோரி? நிலக்கடலை 570 வாக்கில். வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டை 500 வாக்கில். அவல் 350. பேரீச்சை 280 தான், ஈரம் இருப்பதால். இப்படிப் பார்த்துத் தேர்ந்தால் 2,000 கலோரி 450 கிராமுக்குள் அடங்கும், ஏழு நாளுக்கு மூன்றரைக் கிலோவைத் தாண்டாது.

எங்கள் அடுப்படியிலிருந்தே பெரும்பாலும் போகிறது. வறுத்து அரைத்த கம்பு, ராகி, பொட்டுக்கடலை மாவில் நாட்டுச்சர்க்கரை கலந்து நாளுக்கொரு பொட்டலம். சுடுதண்ணீர் ஊற்றினால் காலை ஆகாரம். பொரிவிளங்கா உருண்டை வாரக்கணக்கில் கெடாது, கடிக்கத்தான் பல் வேண்டும். அப்புறம் உப்பில் ஊறி வெயிலில் காய்ந்த நார்த்தங்காய். இதை மறக்கவே மறக்காதீர்கள். மூன்றாம் நாள் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது ஒரு சுளை நார்த்தங்காயை வாயில் அதக்கிக்கொண்டால் பசி திரும்ப வரும். பக்கத்துக் கூடாரத்துக்காரர்களும் கை நீட்டுவார்கள், நாலு சுளை கூடவே கட்டுங்கள்.

எதை எடுத்துப் போனாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார்களே?

தாகத்துக்குக் குடியுங்கள். தேவைக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். கை விரல் வீங்கும், தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் உயிருக்கே ஆபத்து. உப்போடு சேர்த்தாலும் அளவு மீறினால் இதே கதைதான். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துப் பழகுங்கள். ஓடி முடித்து எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள்.

கட்டாயப் பொருள் பட்டியலில் ஜாக்கெட் எதற்கு? வெயில் அடிக்கிறதே?

2021 மே 22-ல் சீனாவின் கான்சு மாகாணத்தில் ஒரு 100 கி.மீ. மலை ஓட்டம். பலர் அரைக்கால் சட்டையோடு கிளம்பினார்கள். மேலே போனதும் ஆலங்கட்டி, குளிர்மழை, சூறைக்காற்று. 21 ஓட்டக்காரர்கள் குளிரில் விறைத்து இறந்தார்கள். காற்றுத் தடுப்பு ஜாக்கெட் அங்கே கட்டாயமாக்கப்படவில்லை. அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், தான் ஒதுங்கியிருந்த குகைக்குள் ஆறு பேரைக் கொண்டுபோய்த் தீ மூட்டிக் காப்பாற்றினார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து ஜாக்கெட், மின்னும் தகடு மாதிரியான அவசரப் போர்வை, விசில், தலை விளக்கு நான்கையும் பட்டியலில் இல்லாவிட்டாலும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பையை முழு எடையில் ஒரே நாளில் தூக்காதீர்கள். இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தில் தொடங்கி மாதம் ஒரு கிலோ கூட்டுங்கள்.

நாம் வெயில் ஊர்க்காரர்கள். குளிரும் உயரமும் தாங்குமா?

வெயில் நமக்குச் சாதகம்தான். சஹாரா ஓட்டம் ஏப்ரல் வாக்கில் வரும். மார்ச்சில் கரூர் பரமத்திப் பக்கம் பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து ஒரு மணி நேரம் பகலில் ஓடினால் உடம்பு பழகிவிடும். சீக்கிரம் வியர்க்கும், நாடித்துடிப்பு அடங்கும். துணையோடு போங்கள், தலை சுற்றினால் நிறுத்துங்கள். குளிர் உடுப்பைச் சோதிக்க டிசம்பர், ஜனவரியில் ஊட்டி உறைபனி போதும்.

உயரம்தான் இங்கே பழக முடியாதது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். டார்ஜிலிங் ஓட்டமோ சுமார் 2,000 மீட்டரில் தொடங்கி முதல் நாளே 3,636 மீட்டர் உயர சந்தக்ஃபூ சிகரத்துக்கு ஏறிவிடுகிறது. சில நாள் முன்பே போய்த் தங்குங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். அதற்கு வேறு சமாதானம் கிடையாது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடலாமா?

ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை ஓட்டத்தின்போது போடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில், சிதைந்த தசையின் கழிவையும் வடிகட்டிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு அது இன்னொரு அடி. சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் ஓட்டம் அங்கேயே முடிந்தது, நேராக மருத்துவரிடம். கிளம்பும் முன் ஈசிஜி எடுத்து இதயத்தையும் காட்டிவிடுங்கள். சஹாரா ஓட்டத்துக்கு அது கட்டாயம், மற்றதற்கு நீங்களே கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா அக்கா?

போகலாம், போய்க்கொண்டும் இருக்கிறார்கள். ஓட்டத்தைவிடப் பயிற்சிதான் நமக்குச் சிக்கல். இருட்டில் வாய்க்கால் மேட்டில் தனியாக ஓட முடியாது. எங்கள் கூட்டமே அதனால் சேர்ந்ததுதான். மாதவிடாய் நாட்கள் ஓட்டத்தில் வருமா என்று கணக்குப் பாருங்கள். தள்ளிப்போட மாத்திரை வேண்டுமென்றால் பெண் மருத்துவரிடம் மாதங்களுக்கு முன்பே பேசுங்கள், கடைசி வாரத்தில் புதிதாக எதையும் விழுங்காதீர்கள். உள்ளாடைத் தையல் உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள். முகாமில் கழிப்பிடம் எப்படி என்று நடத்துபவரிடம் கூச்சமில்லாமல் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் பேர் கொடுக்க மாட்டேன்.

முடித்துவிட்டு வந்தபின் எப்போது மறுபடி ஓடலாம்?

பாத வீக்கம் வடிய ஒரு வாரம் ஆகும். இரண்டு வாரம் நடை மட்டும். பசி ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும், எழுந்து சாப்பிடுங்கள். தூக்கம் புரண்டு புரண்டு வரும், அதுவும் சரியாகும். ஒன்றிரண்டு நகம் கறுத்து விழலாம். விரல் நுனி மரத்துப்போனது ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் காட்டுங்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள், கடிகாரம் கட்டாமல் வாய்க்கால் மேட்டுக்கு வாருங்கள். ஐந்து கி.மீ. போய்விட்டுத் திரும்பலாம்.